மீன் மேல் பட்டர் ஃப்ரூட்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: வெளிநாட்டில் இருந்து வந்திருக்கும் மகள், மீனைக் கல்லில் முறுகப் போட்டு மேலே அவகேடோ (பட்டர் ஃப்ரூட்) வைத்துத் தரச் சொல்கிறாள். ராமநாதபுரம் பழக்கடையில் பெரிய பச்சைப் பழமும் இருக்கிறது, 'ஹாஸ்' என்று சின்னக் கறுப்புப் பழமும் இருக்கிறது. ஹாஸ் விலை பல மடங்கு. எதை வாங்குவது? நான்ஸ்டிக் தவாவும் வேண்டும் என்கிறார்கள். மீன் வஞ்சிரம்தானே?
(கீழக்கரை வாசகி)

பதில்: முதலில் தவா. வாங்காதீர்கள். இந்தச் சமையலுக்குக் கல் நன்றாகக் காய வேண்டும். நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கெடத் தொடங்கும். வெறும் தவாவைப் பெரிய தீயில் விட்டால் சில நிமிடங்களில் அந்தச் சூடு வந்துவிடும். உங்கள் வீட்டு இரும்பு தோசைக்கல் போதும்.

வஞ்சிரம்தான் வேண்டும் என்று நிற்க வேண்டாம். வட்டத் துண்டு வறுவலுக்குச் சரி. இதற்குத் தோலோடு நீளவாக்கில் எடுத்த சதை வேண்டும். விளமீன், கொடுவா, சின்னப் பாறை, இதில் எது அன்றைக்குக் கரைக்கு வந்ததோ அது. வெட்டுகிறவரிடம், "செதிலைச் சுரண்டிட்டு, தோல் கிழியாம ரெண்டு பக்கச் சதையையும் தனியா எடுத்துக் கொடுங்கண்ணே" என்று சொல்லுங்கள். தலையையும் நடுமுள்ளையும் விட்டுவிட்டு வராதீர்கள், குழம்புக்கு அதுதான் ருசி, அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். எடை முழு மீனுக்கு என்பதால் சதையாகப் பாதிக்கும் குறைவாகத்தான் தேறும். நாலு பேருக்கு ஒன்றரை கிலோ வாங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீனைத் தேடிப் போங்கள். கடையில் இருப்பது பெரும்பாலும் ஐஸ் பெட்டியில் வெளியூரில் இருந்து வந்ததாக இருக்கும். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

பழம். ஹாஸ் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு; கொழுப்பு கூடுதல், சதை கெட்டி. தாண்டிக்குடி, கொடைக்கானல் மலைப்பக்கத்துப் பச்சைப் பழத்தில் தண்ணீர் அதிகம். சும்மா ரொட்டியில் தடவிச் சாப்பிட்டால் வித்தியாசம் தெரியும். மீன் மேல் வைக்கச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை எல்லாம் சேர்த்த பிறகு அவ்வளவாகத் தெரியாது. என்னைக் கேட்டால் அந்தப் பச்சைப் பழம்தான். ஒன்று மட்டும்: இது மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். அதனால் கல்லுமாதிரி இருப்பதையே நாலைந்து நாள் முன்னால் வாங்கி, வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு வையுங்கள். கடையில் கனிந்து கிடப்பதை ஏற்கெனவே பத்துப் பேர் கட்டைவிரலால் அமுக்கியிருப்பார்கள். உள்ளே கறுப்புத் திட்டு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சமையல் பெரிய வேலையில்லை. மீனின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, உப்பும் மிளகும் மட்டும் போடுங்கள். மிளகாய்த்தூள் மசாலா இந்தச் சூட்டில் கருகிவிடும். காய்ந்த கல்லில் கடலை எண்ணெய், தோல் பக்கம் கீழே. தோல் சுருளப் பார்க்கும், தோசைத் திருப்பியால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் தானாகக் கல்லை விட்டு வரும், வராவிட்டால் இன்னும் பொறுங்கள். மறுபக்கம் ஒன்றிரண்டு நிமிடம். அடுப்பை அணைத்துத் தட்டில் எடுத்த பிறகுதான் பழக்கலவை, ஏனென்றால் அடுப்புச் சூட்டில் அவகேடோ கசந்துபோகும்.

கேள்வி: வாங்கிய அவகேடோவை அன்றே வெட்டினேன். மூன்றும் உள்ளே கறுப்பு. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டி மாற்ற மறுக்கிறார்கள்.
(மண்டபம் வாசகர்)

பதில்: அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் வரை கேட்கலாம். அதற்காகப் பழத்தை மூன்று வாரம் வைத்திருந்துவிட்டுப் போகாதீர்கள்! வெட்டியவுடன் படம் எடுத்து, பில்லோடு அன்றே போய் நில்லுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் தர மறுப்பதும் இதே சட்டத்தில் தப்புதான்.

கேள்வி: காயாக இருக்கும்போதே ஃப்ரிட்ஜில் வைத்தால் பல நாள் வருமா?
(தொண்டி வாசகி)

பதில்: வராது, குளிரில் அடிபட்டுச் சரியாகப் பழுக்காமலே போகும். கனிந்த பிறகு வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். பாதி வெட்டியது என்றால் எலுமிச்சைச் சாறு தடவி, கொட்டையை எடுக்காமல் மூடி வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள்.