42 வயதில் டென்னிஸ் ஆடத் தொடங்கலாமா? முழங்கை போகாமல் ஆடுவது எப்படி?

42 வயது, நாள் முழுக்க நாற்காலி வேலை, இதுவரை ராக்கெட் பிடித்ததில்லை. டென்னிஸ் உடம்புக்கு நல்லதா, முழங்கை போய்விடும் என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஆடலாம். நான் தொடங்கியதே 44 வயதில்தான். ஏழு வருடமாக ஆடுகிறேன். நடுவில் நான்கு மாதம் அதே முழங்கை வலியால் ஆட முடியாமலும் போனது. அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

கோபன்ஹேகன் நகரத்தில் எட்டாயிரத்துக்கும் அதிகமானவர்களை 25 ஆண்டுகள் வரை கவனித்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. உடற்பயிற்சியே இல்லாதவர்களைவிட டென்னிஸ் ஆடுபவர்களுக்கு ஆயுள் 9.7 ஆண்டுகள் கூடுதல் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். பேட்மின்டனுக்கு 6.2, மெல்லோட்டத்துக்கு 3.2. இதை அப்படியே நம் ஜாதகத்தில் எழுதிக்கொள்ள முடியாது. டென்னிஸ் ஆடுபவர்களுக்குப் பொதுவாகவே வசதியும் நட்பு வட்டமும் அதிகம். டென்னிஸால்தான் ஆயுள் கூடியது என்று ஆய்வு செய்தவர்களே அடித்துச் சொல்லவில்லை. ஆனால் கோர்ட்டில் இறங்கிப் பார்த்தால் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று தெரியும்.

எதிராளி பந்தை அடிக்கும் நொடியில் நீங்கள் லேசாகக் குதித்துத் தயாராக வேண்டும். பக்கவாட்டில் மூன்று எட்டு, சட்டென்று நிறுத்தம், இடுப்பைத் திருப்பி ஓர் அடி, உடனே நடுவுக்குத் திரும்ப வேண்டும். பாயிண்ட் முடிந்ததும் அரை நிமிடத்துக்கும் குறைவான மூச்சு. அப்புறம் மறுபடியும் அதே. இதயத் துடிப்பு ஏறி இறங்கி ஏறுகிறது. உடல் எடையைத் தாங்கிக் கால்கள் குதிப்பதும் நிற்பதும் எலும்புக்கு நல்ல வேலை. சிறு வயதிலிருந்து ஆடுபவர்களின் ராக்கெட் பிடிக்கும் கை எலும்பு மறு கையைவிடத் தடிமனாக இருக்கும். எனக்குக் கிடைத்த பெரிய பலன் மூச்சு. இரண்டாம் மாடி ஏறினாலே நின்று இளைப்பாறிக்கொண்டிருந்தவன், ஒரு வருடத்தில் பையோடு பேசிக்கொண்டே ஏறினேன்.

உடம்பைத் தேற்றுகிற அதே நிறுத்தமும் திருப்பமும்தான் தயாரில்லாத உடம்பைக் காயப்படுத்தவும் செய்கின்றன.

என் முழங்கைக் கதை இது. ஆறாவது மாதம் ஒரு காலை, தோசைக்கல்லில் மாவு ஊற்றக் கரண்டியைத் தூக்கினேன். முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் ஊசி குத்தினாற்போல ஒரு வலி. கரண்டி கையில் நிற்கவில்லை. அன்று கதவுச் சாவியைக்கூட இடது கையால்தான் திருப்பினேன். மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகளில் பெரும்பாலானவை அந்த மேட்டில்தான் வந்து பிடித்திருக்கின்றன. பந்துக்குத் தாமதமாகப் போய், மணிக்கட்டை மடக்கி பேக்ஹேண்ட் (புறங்கை முன்னால் வர அடிக்கும் அடி) அடித்தால், தோளும் இடுப்பும் செய்ய வேண்டிய வேலை முழுவதும் அந்தச் சின்னத் தசைநாண் மேல் விழுகிறது. டென்னிஸ் எல்போ என்று பெயர் இருந்தாலும் சமையல்காரர்களுக்கும் பெயின்டர்களுக்கும்கூட வரும். சச்சின் டெண்டுல்கர் இதற்காகத்தான் 2005இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை வரை போகாது. எனக்கு பிசியோதெரபிஸ்ட் கொடுத்தது ஒரு கிலோ டம்பெல். முன்கையை மேசையில் வைத்து, மற்ற கையால் மணிக்கட்டைத் தூக்கிவிட்டு, வலிக்கும் கையால் மெதுவாக, மிக மெதுவாக இறக்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் அதுதான் குணமாக்கியது. கூடவே இரண்டு மாற்றங்கள். பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்து நான் ராக்கெட்டில் போட்டிருந்த விறைப்பான பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கை (வலை நரம்பை) எடுத்துவிட்டு மென்மையான ஸ்ட்ரிங் போட்டேன். அதை இழுத்துக் கட்டும் இழுவிசையை 56 பவுண்டிலிருந்து 48க்குக் குறைத்தேன். அப்புறம் பேக்ஹேண்டை இரண்டு கையால் பழகினேன். எங்கள் கிளப்பில் கூட ஆடிப் பழக்கிவிடும் மார்க்கர் அண்ணன் தினமும் ஒன்றையே சொல்வார்: “சார், கையை இறுக்காதீங்க. பந்து வர்றதுக்கு முன்னாடி நீங்க போய் நில்லுங்க.” இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது.

முழங்கையையே எல்லோரும் பேசுகிறார்கள், நம் வயதில் கெண்டைக்காலையும் பயப்பட வேண்டும். குளிர்ந்த உடம்போடு முதல் பந்துக்கே பாய்ந்தால் உள்பக்கத் தசை கிழியும். பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்தது போல இருக்கும். டென்னிஸ் லெக் என்றே இதற்குப் பெயர். குதிகாலுக்கு மேலே “டப்” என்று சத்தம் கேட்டு, நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால் குதிகால் நாண் அறுந்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், தைலம் தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள். இதைத் தவிர்க்க நான் செய்வது ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம்: கோர்ட்டைச் சுற்றி மெல்லோட்டம், பக்கவாட்டு நடை, கை சுழற்றல், பிறகு வலையை ஒட்டிய சர்வீஸ் கட்டத்துக்குள் நின்று மெதுவாகப் பந்து தட்டல். நின்ற இடத்தில் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெட்சிங் எல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு. வீட்டில் பல் தேய்க்கும்போது நுனிக்காலில் ஏறி இறங்குவதும் சேரும்.

கோர்ட்டில் கிடக்கும் பந்தை மிதித்தாலும் கணுக்கால் பிசகும். “ஒரு பாயிண்ட்தானே, முடியட்டும்” என்று விடாமல் உடனே எடுத்து ஓரம் போடுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் தொடங்கும் முன் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நெஞ்சு கனத்தாலோ தலை சுற்றினாலோ ஸ்கோர் என்னவானாலும் ஆட்டத்தை நிறுத்துங்கள். வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள்.

முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு நாள், அதுவும் டபுள்ஸ் (பக்கத்துக்கு இருவர் ஆடுவது) மட்டும். ராக்கெட்டை யாரிடமாவது இரவல் வாங்கி ஆடிப் பார்க்கலாம், காலணியை மட்டும் இரவல் வாங்காதீர்கள். ஓட்டத்துக்கான ஷூ நேராக ஓடச் செய்தது, பக்கவாட்டில் நிறுத்தும்போது அதன் உயரமான அடிப்பாகம் கவிழும். கையிலிருக்கும் முதல் காசை டென்னிஸ் ஷூவுக்குப் போடுங்கள்.