மொரீசியஸின் பிறப்புக் குறைவு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ரோஸ் ஹில்லில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். மகனும் மருமகளும் ஒரு குழந்தையே போதும் என்கிறார்கள். பெண்கள் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கிய நாள்முதல் குடும்பங்கள் சுருங்கிவிட்டன. இப்படியே போனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கக்கூட ஆள் இருக்காது. முதியோர் ஓய்வூதியத்துக்கு யார் உழைத்துக் கட்டுவது? இரண்டாவது குழந்தைக்கு அரசு உதவித்தொகை கொடுத்தால் பலன் இருக்குமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். காவடிக் கவலையை விடுங்கள். ஆனால் பெண்கள் வேலைக்குப் போனதால்தான் பிறப்பு குறைந்தது என்று ஓர் ஆசிரியரே எழுதுவதைச் சும்மா விட முடியவில்லை. ஆண்டுகளையாவது வரிசைப்படுத்திப் பார்த்திருக்கலாமே!

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடு வீடாக டி.டி.டி. என்ற கொசுமருந்து தெளித்து மலேரியாவை ஒடுக்கியபோது, அதுவரை காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள். 1950களில் மக்கள்தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 3 சதவீதம் பெருகியது. இதே வேகத்தில் போனால் நூற்றாண்டின் இறுதியில் 30 லட்சத்தை நெருங்கும் என்று பிரிட்டிஷ் சமூகக் கொள்கை அறிஞர் ரிச்சர்டு டிட்மஸின் குழு எச்சரித்தது. பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் மீடும் 1961இல் நமக்கு நல்ல எதிர்காலம் இருப்பதாக நினைக்கவில்லை. ஆனால் 2000இல் நாம் 12 லட்சத்தைக்கூட எட்டவில்லை.

1960களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகள்; 1970களின் தொடக்கத்தில் அது மூன்றரை அளவுக்கு இறங்கிவிட்டது. ஏற்றுமதி மண்டலச் சட்டமே 1970இல்தான் வந்தது. 'ஸோன்' என்று நாம் சொல்லும் அந்த மண்டலத் தொழிற்சாலைகள் பெருவாரியாகப் பெண்களை வேலைக்கு எடுத்தது 1980களில். பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்கு எப்படிக் காரணமாகும்? பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், திருமணம் தள்ளிப்போனது, பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. 1957இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கமும், 1963இல் கத்தோலிக்கர்களின் 'அக்சியோன் ஃபாமிலியால்' அமைப்பும் தோன்றி, அவரவர் மனசாட்சிக்கு ஒத்த வழியைச் சொல்லிக்கொடுத்தன. யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

என் அம்மா எட்டுப் பெற்று இரண்டைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர். அக்கா பின்னலாடைத் தொழிற்சாலையில் கழுத்துப்பட்டி இணைக்கும் இயந்திரத்தில் இருந்தார். ஒவ்வொரு கண்ணியையும் ஊசிமுனையில் கண்ணால் தேடிக் கோக்க வேண்டும். மாலையில் தலைமுடியெல்லாம் கம்பளித் தூசியோடு வந்து, சம்பள உறையைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுப்பார். இரண்டே பிள்ளைகள் என்பதால்தான் அவரால் போக முடிந்தது. நீங்கள் இதைத் தலைகீழாகச் சொல்கிறீர்கள்.

நிறையப் பிறந்து, குறைவாகப் பெற்ற அந்தத் தலைமுறையின் உழைப்பில்தான் இந்த நாடு நிமிர்ந்தது. அவர்கள் இப்போது எல்லாரும் ஒன்றாக முதுமை அடைகிறார்கள். ஓய்வூதிய வயதை 60இலிருந்து 65க்குப் படிப்படியாக உயர்த்துவதாக 2025 வரவுசெலவுத் திட்டம் அறிவித்ததும் வீதியில் எழுந்த கோபம் உங்களுக்கும் தெரியும். அந்தச் சுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி இருக்கும் நாட்டில், பெறாத பிள்ளையைவிட ஆறாத கால்புண்ணுக்குத்தான் செலவு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. போன ஆண்டு அக்காவுக்கு ஒரு கால்விரலை எடுத்தார்கள். இன்னும் பத்தாண்டு உழைத்திருக்கக்கூடிய எத்தனையோ பேரை இந்த வியாதி 50 வயதிலேயே வீட்டில் உட்கார வைத்துவிடுகிறது. அதைப் பற்றி எவரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

உதவித்தொகை கேட்டீர்கள். சிங்கப்பூர் 2001 முதல் கொடுத்துவருகிறது. 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு பிள்ளைகூட இல்லை. இரண்டாவது பிள்ளையைப் பற்றி மருமகளிடம் பேசுமுன், பள்ளி விட்டதும் முதல் பிள்ளையை யார் அழைத்துவருகிறார்கள், இரவு யார் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டில் ஓய்வாக இருக்கும் ஆசிரியர் நீங்கள்தானே.