பிரேக் மிதித்தால் ஊளையிடும் பஸ்: கியர்பாக்ஸ் போய்விட்டதா?

வாசகர் கேள்வி: வணக்கம் அண்ணே. பினாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். இத்தனை வருஷமும் கையால் கியர் போடும் பஸ்தான். இப்போது முதலாளி, நகர பஸ்ஸாக ஓடி முடித்த ஆட்டோ கியர் பஸ் ஒன்றை வாங்கியிருக்கிறார். பாலிக் புலாவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை இறங்கி பாயான் லெப்பாஸ் போக வேண்டும். பிரேக்கில் கால் வைத்ததும் பின்னாலிருந்து ‘ஊ’ என்று ஒரு சத்தம் எழும்புகிறது. நிற்கப் போகிற நேரத்தில் ஒரு குலுக்கல். கிளம்பும்போது இஞ்சின் ஒரே சுருதியில் உறுமுகிறதே தவிர, கியர் மாறுவதே தெரிவதில்லை. கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார் பட்டறை மெக்கானிக் போமன். செலவு பெரிது. நிஜமாகவே கெட்டுவிட்டதா?

பதில்: தம்பி, இப்போதைக்குப் பிரிக்க விடாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றும் நல்ல கியர்பாக்ஸிலும் இருக்கும். கை கியர் பஸ்ஸில் பழகிய காதுக்கு மூன்றும் கோளாறு மாதிரிதான் கேட்கும்.

கிளம்பும்போது வரும் உறுமலிலிருந்து தொடங்குகிறேன். அதை வைத்துப் பார்த்தால் உங்கள் பஸ்ஸில் இருப்பது பெரும்பாலும் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரத்து வொய்த் நிறுவனம் செய்யும் டிவா கியர்பாக்ஸ். 1950களிலிருந்து வருகிற வகை இது. இஞ்சின் தரும் விசையை இது இரண்டு வழியாகப் பிரித்து அனுப்புகிறது. ஒன்று பல்சக்கரம் வழியாக, மற்றொன்று எண்ணெய் வழியாக. பஸ் நின்ற இடத்திலிருந்து நகரும்போது எண்ணெயின் பங்கு அதிகம். வேகம் கூடக் கூட விசை தானாகவே பல்சக்கரத்தின் பக்கம் சாய்ந்துவிடும். அதனால்தான் பஸ் வேகமெடுக்கும், இஞ்சினின் சுருதி மட்டும் ஏறாது. அதன் பிறகு எண்ணெய் வழி அடைபட்டு, பல்சக்கரம் மட்டும் வேலை செய்யும். அந்த இடத்தில் சத்தம் சட்டென்று இறங்கும். மொத்தமே மூன்று அல்லது நான்கு கியர்தான்.

இன்னொரு ஜெர்மன் தயாரிப்பான ஸெட் எஃப், அமெரிக்காவின் அலிசன் இரண்டும் வேறு விதம். அவற்றில் எண்ணெய்க்கு வேலை கிளம்பும்போது மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு கிளட்ச், எண்ணெயை விட்டுவிட்டு இஞ்சினையும் பல்சக்கரங்களையும் நேராக இறுக்கிப் பிடித்துவிடும். பிறகு ஐந்து, ஆறு கியர்கள் படிப்படியாக ஏறும். பயணியாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, இஞ்சின் சுருதி எத்தனை முறை விழுகிறது என்று எண்ணினாலே வித்தியாசம் தெரியும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் கியர்பாக்ஸின் உடம்பில் அடித்திருக்கும் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். பெயரும் மாடல் எண்ணும் அதில் இருக்கும். எண்ணெய் வாங்கவும் அந்த எண் தேவை.

இனி உங்களைப் பயமுறுத்திய ஊளைக்கு வருவோம். அது ரிட்டார்டர். பிரேக்கை லேசாக மிதித்ததும் சக்கரத்து பிரேக்குக்கு முன்னால் வேலை தொடங்குவது இதுதான். இறக்கை வைத்த சக்கரம் ஒன்று எண்ணெய்க்குள் சுழலும், எதிரே உள்ள இறக்கைகள் அசையாமல் நிற்கும். ஓடுகிற பஸ்தான் அந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அது வாரியடிக்கும் எண்ணெய் எதிர் இறக்கையில் மோதித் திரும்பி, சக்கரத்தை இழுத்துப் பிடிக்கிறது. அந்த மோதலின் சத்தம்தான் உங்கள் ‘ஊ’. டிவாவில் இதற்கென்று தனிப் பாகம் கிடையாது. கிளம்பும்போது விசையைக் கடத்திய அதே எண்ணெய் அறை, நிறுத்தும்போது பிரேக்காக மாறிவிடுகிறது. ஸெட் எஃப் பெட்டியில் ரிட்டார்டர் பல்சக்கரங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதால், ஒவ்வொரு கியர் இறங்கும்போதும் ஊளை ஒருமுறை எகிறி மறுபடி இறங்கும்.

பஸ்ஸின் ஓட்டம் முழுவதும் இங்கே சூடாக மாறுகிறது. 16 டன் பஸ்ஸை 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் வரும் சூடு, ஏறக்குறைய 5 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். அந்தச் சூட்டை எண்ணெய் சுமந்துபோய், கூலர் வழியாக ரேடியேட்டர் தண்ணீரிடம் கொடுக்கிறது. நமது வெயிலில், நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று நின்று ஓடிய பஸ்ஸின் எண்ணெய் எவ்வளவு பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என் கவலையெல்லாம் சத்தத்தைப் பற்றி அல்ல, அந்த எண்ணெயைப் பற்றித்தான்.

நிற்கும்போது வரும் குலுக்கலுக்குக் காரணம், வேகம் குறைந்தால் ரிட்டார்டருக்குப் பிடிப்பு இருக்காது என்பதே. கடைசிக் கட்டத்தில் வேலை சக்கரத்து பிரேக்கின் கைக்கு மாறுகிறது. அந்த நேரம் பார்த்துக் காலை அழுத்திக்கொண்டே இருந்தால் பயணிகள் முன்னால் சாய்வார்கள். முதலில் லேசாக, சீக்கிரமாக மிதியுங்கள். நிற்கப் போகும் முன் காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சில பஸ்களில் நின்றதும் கியர்பாக்ஸ் தானாக நியூட்ரலுக்குப் போய், பிரேக்கை விட்டதும் ஒரு சின்ன உந்தலோடு திரும்பப் பிடிக்கும். அதுவும் கோளாறு அல்ல.

இப்போது நீங்களே செய்யக்கூடிய சோதனை. ரிட்டார்டரை அணைக்க டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் அல்லது ஸ்டீரிங் பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருக்கும். ஆள் ஏற்றாமல், காய்ந்த சமதளச் சாலையில், அதைப் போட்டு ஒருமுறையும் அணைத்து ஒருமுறையும் ஒரே வேகத்திலிருந்து பிரேக் பிடியுங்கள். அணைத்ததும் ஊளை காணாமல் போனால் அது ரிட்டார்டரின் குரல்தான். அணைத்த பிறகும் அப்படியே இருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். பஸ்ஸை நிறுத்தி, நியூட்ரலில் இஞ்சினை முடுக்கிப் பாருங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் ஏறினால், இஞ்சினோடு சுற்றும் பம்ப், பெல்ட் பக்கம் பார்க்க வேண்டும். ஓடும்போது மட்டும் வந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு விதமாகவும் காலை எடுத்ததும் வேறு விதமாகவும் மாறினால், பின் அச்சின் டிஃபரன்ஷியலைச் சந்தேகியுங்கள். டிஃபரன்ஷியல் சத்தத்துக்காகக் கியர்பாக்ஸை இறக்கிவிட்டு, மாட்டிய பிறகும் அதே சத்தத்தோடு வண்டி வெளியே போவதை கோலாலம்பூர் ஜாலான் சான் சோ லின் பக்கத்துப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். பணம் கொடுத்தவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

அடுத்தது எண்ணெய். ஓடி முடித்து, சூடாக இருக்கும்போதே, சமதளத்தில், நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, இஞ்சின் ஐடிலில் இருக்கும்போது அளவுக்கோலை எடுத்துப் பாருங்கள். குளிர்ந்த எண்ணெயின் அளவு உங்களை ஏமாற்றும். ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விடுங்கள். கருப்பாகி, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தகடுகள் தேய்கின்றன. பால் கலந்தது போல வெளுத்திருந்தால் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இந்த ஒன்றுக்குத்தான் நான் பதறுவேன். தகடுகளின் உராய்வுப் பூச்சு தண்ணீரில் ஊறி உரிந்துவிடும். அப்படி இருந்தால் ஒரு நடை கூட ஓட்டாதீர்கள். எண்ணெயை வடிக்கும்போது, அதை வடிக்கக் கழற்றும் திருகில் உள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் சாதாரணம். கண்ணுக்குத் தெரியும் உலோகச் சில்லுகள் வந்தால் போமன் சொன்னது சரி, பிரிக்கத்தான் வேண்டும்.

சத்தத்திலும் பயப்பட வேண்டியவை உண்டு. கியர் மாறும்போது இஞ்சின் வெறுமனே எகிறிவிட்டுத் தாமதமாகப் பிடிப்பது. ‘டொக்’ என்று இடிப்பது. உலோகம் அரைபடும் கரகரப்பு. நேற்று வரை இல்லாத எந்தச் சத்தமும்.

மலைப்பாதைக்கு ஒரு எச்சரிக்கை. இறக்கத்தில் எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. இந்த பஸ்ஸில் அதைச் செய்யவே கூடாது. இஞ்சின் பிடிப்பு போய்விடும், ரிட்டார்டரும் கைவிட்டுவிடலாம். மிச்சம் இருப்பது சக்கரத்து பிரேக் மட்டும், அதுவும் சூடேறிப் பிடிப்பை இழக்கும். உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, 2 அல்லது 3 என்ற கியர் பொத்தானை அழுத்திவிட்டு இறங்குங்கள். வெப்பமானியைப் பாருங்கள். எண்ணெய் அதிகம் சூடானால் ரிட்டார்டர் தன்னைக் காத்துக்கொள்ளப் பிடிப்பைக் குறைத்துவிடும். மழையில் நனைந்த தார்ச் சாலையில் அது பின் சக்கரங்களை மட்டும் பிடிப்பதால் வால் வழுக்கும். அப்போது அதை அணைத்துவிட்டு, இன்னும் மெதுவாக, சிறிய கியரிலேயே இறங்குங்கள்.

முதலாளியிடம் இப்படிச் சொல்லுங்கள்: தகட்டில் உள்ள மாடலுக்கு ஏற்ற எண்ணெயும் ஃபில்டரும் முதலில் மாற்றலாம், கூலரைச் சோதிக்கலாம். எண்ணெய் மாற்றிய பிறகு சில நாள் கியர் கொஞ்சம் முரட்டுத்தனமாக மாறினாலும் பதறாதீர்கள். மின்னணுக் கட்டுப்பாடு உள்ள பெட்டி புது எண்ணெய்க்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் வேண்டும். வடித்த எண்ணெயில் ஒரு போத்தல் எடுத்து வையுங்கள். போமன் மறுபடியும் பிரிக்கச் சொன்னால், அந்தப் போத்தலைக் காட்டி இதில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.