கமாண்ட் லைன் நிரலை விட்டு வெளியேறுவது எப்படி இருக்க வேண்டும்? கேள்வி பதில்

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டி இயக்கும் திரையில், ஓடும் நிரல்களை எழுதுகிற நண்பர்கள் சிலர் கேட்டவை இவை.

கேள்வி: என் நிரலை மூட எந்தச் சொல்லை வைக்கலாம்? எக்சிட்டா, க்விட்டா?

பதில்: இரண்டையும் வையுங்கள், க்யூவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே போக நினைப்பவர் கைக்கு எது முதலில் வருகிறதோ அதைத்தான் தட்டுவார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குக் கட்டளை கொடுக்கும் பிஎஸ்க்யூஎல் நிரலை மூட பேக்ஸ்லாஷ் க்யூ தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கன்ட்ரோல்-டி. 2018-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்துதான் எக்சிட், க்விட் என்று அடித்தாலும் மூடுகிறது. பழைய வழியையும் எடுக்கவில்லை. பாதி வினவலுக்கு நடுவே அடித்தால் மூடாது, வழியை மட்டும் சொல்லும். அந்த இடத்தில் அந்தச் சொல் வினவலின் பகுதியாகவும் இருக்கலாம் அல்லவா?

கேள்வி: பைதான் மொழியின் பழைய பதிப்பில் எக்சிட் என்று அடித்தால், அடைப்புக்குறி போட்டு அடியுங்கள் என்று சொல்லிவிட்டு அப்படியே நிற்கிறது. நான் கேட்டது புரிகிறது, அப்புறம் ஏன் மூடவில்லை?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதற்கு உண்மையில் புரியவில்லை. பைதானில் எக்சிட் ஒரு கட்டளை இல்லை, ஒரு பொருளின் (ஆப்ஜெக்ட்) பெயர். பெயரை மட்டும் அடித்தால் அந்தப் பொருளை அச்சிடும், அவ்வளவுதான். அச்சாகும் இடத்தில் அந்தக் குறிப்பை வைத்திருந்தார்கள். அச்சிடும்போதே வெளியேறும்படி எழுதியிருந்தால், எக்சிட் உள்ள ஏதோ ஒரு பட்டியலை அச்சிட்டாலும் எல்லாம் மூடிக்கொள்ளும். 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் இதற்கு நல்ல தீர்வு கண்டார்கள். நீங்கள் தட்டிய வரி வெறும் எக்சிட்தானா என்று, கட்டளை தட்டும் புதிய முகப்பு முதலிலேயே பார்த்துவிடுகிறது. அந்தப் பெயரில் நீங்களே ஒரு மாறி வைத்திருந்தால் மூடாது. மொழியில் கைவைக்காமல் வாசலை மட்டும் திருத்தியிருக்கிறார்கள். இந்த அணுகுமுறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கேள்வி: கன்ட்ரோல்-சி அடித்ததும் மூடிவிடலாமா?

பதில்: நிரல் ஒரே ஒரு வேலையைச் செய்து முடிக்கும் வகை என்றால் மூடலாம். கட்டளை கேட்டுக் காத்திருக்கும் வகை என்றால் வேண்டாம். அங்கே கன்ட்ரோல்-சி அடிப்பவர் பெரும்பாலும், அடித்துக்கொண்டிருந்த நீள வரியைத்தான் கைவிட நினைக்கிறார். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ் அந்த வரியை மட்டும் அழிக்கும். காலி வரியில் அடித்தால், இன்னொரு முறை அடித்தால் வெளியேறலாம் என்று சொல்லும். கன்ட்ரோல்-டி அப்படியில்லை. இனி உள்ளீடு இல்லை என்பதே அதன் பொருள், காலி வரியில் வந்தால் மூடிவிடுங்கள்.

கேள்வி: கன்ட்ரோல்-இசட்?

பதில்: லினக்ஸில் அது நிரலை நிறுத்திவைக்கும், மூடாது. எஃப்ஜி என்று அடித்தால் திரும்பி வரும். அதை அப்படியே விடுங்கள்.

கேள்வி: மூடுமுன் "நிச்சயமா?" என்று கேட்க வேண்டுமா?

பதில்: சேமிக்காத வேலை இருந்தால் மட்டும். நானோ என்ற உரைத் திருத்தி அப்படித்தான் செய்கிறது. வெளியேறும் விசையையும் திரையின் அடியில் எப்போதும் காட்டிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: என் பயனர்கள் தமிழ்99 விசைப்பலகையில் தட்டுகிறார்கள். க்யூ போதுமா?

பதில்: போதாது. தமிழ்99-இல் க்யூ விசையைத் தட்டினால் 'ஆ' வரும். தனியாக வரும் 'ஆ'வுக்கு உங்கள் நிரலில் வேறு வேலை இல்லையென்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். 'வெளியேறு' என்ற சொல்லையும் சேருங்கள்.