தோல் ஆலைக் கழிவுநீரில் என்ன கலந்திருக்கிறது என்பதை எப்படிக் கண்டறிகிறார்கள்?

ராணிப்பேட்டைப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் எனப் பாலாற்றங்கரை ஊர்களின் தண்ணீரெல்லாம் எங்கள் மேசைக்கு வரும்.

எல்லோரும் கருவியைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் மாதிரித் தண்ணீர் பிடித்து வந்த கேனைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். குரோமிய உப்பில் தோலைப் பதனிடும் டிரம்மைத் திறந்துவிடும் நேரத்தில் ஓடுவது ஒரு தண்ணீர். தோலைக் கழுவி விடும்போது ஓடுவது வேறு தண்ணீர். மணிக்கொரு முறை பிடித்துக் கலந்த மாதிரிதான் அன்றைய நிலவரத்தைச் சொல்லும்.

சிஓடி (தண்ணீரிலுள்ள கழிவை வேதிப்பொருளால் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) சோதனை எளிது. மாதிரியோடு பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து 150 டிகிரியில் 2 மணி நேரம் கொதிக்கவிட்டு, செலவான டைகுரோமேட்டைக் கணக்கிட வேண்டும். ஆனால் நம் ஊர்த் தண்ணீரில் ஒரு வில்லங்கம் உண்டு: உப்பு. தோல் கெடாமலிருக்கத் தடவி வரும் உப்பு முழுவதும் ஊறவைக்கும் தொட்டியில் இறங்கிவிடும். அந்தக் குளோரைடும் டைகுரோமேட்டைத் தின்னும். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் குளோரைடு இருந்தால், இல்லாத சிஓடி 226 வரை ஏறும். ஆற்றில் விட அனுமதிக்கப்படும் வரம்பே 250தான்! சேர்ந்த முதல் மாதம் நான் இப்படி ஒரு பெரிய எண்ணை எழுதிக் கொண்டுபோய் நின்றேன். மூத்த அண்ணன் மாதிரியில் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டார். தயிர்போல வெள்ளையாகத் திரிந்தது. "தம்பி, முதலில் உப்பைப் பார்" என்றார். அதன்பிறகு குளோரைடைக் கட்டிப்போடும் பாதரச சல்பேட் சேர்க்காமல் குடுவையை அடுப்பில் ஏற்றியதில்லை. உப்பு மிகுந்தால் மாதிரியை நீர்க்கவும் செய்ய வேண்டும்.

பிஓடிக்கு (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) 27 டிகிரியில் 3 நாள் காத்திருக்க வேண்டும். குரோமியம் நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டால் எண் குறைந்து, தண்ணீர் சுத்தமாக இருப்பதுபோலத் தெரியும், அதை நம்பாதீர்கள்.

மொத்தக் குரோமியத்துக்கு நைட்ரிக் அமிலத்தில் செரித்து அணு உட்கவர் நிறமாலைமானியில் அளப்போம். நஞ்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு டைபினைல்கார்பசைடு என்ற வேதிப்பொருளைச் சேர்ப்போம். ஊதா நிறம் வந்தால் 540 நானோமீட்டரில் படிக்கலாம். இந்த மாதிரியை மட்டும் அமிலம் ஊற்றிப் பாதுகாக்கக் கூடாது. ஊற்றினால் அந்தக் குரோமியம் தண்ணீரிலுள்ள கரிமப் பொருளோடு சேர்ந்து மூன்று இணைதிறனுக்கு மாறிவிடும். நாம் தேடிய ஆள் வழியிலேயே வேடம் மாற்றிக்கொண்டதுபோல.

வேடிக்கை என்னவென்றால், சிஓடி பார்த்து முடித்த குடுவையிலும் குரோமியமும் பாதரசமும்தான் மிஞ்சும். அதை நாங்கள் கைகழுவும் தொட்டியில் கொட்டியதில்லை. மூடிபோட்ட தனிக் கேனில் சேர்த்துவைப்போம்.