விபத்துப் பணமும் பிள்ளையின் பாக்கியும்

அன்புள்ள ஐயா,

பிரிந்து வாழும் தகப்பனோ தாயோ பிள்ளைக்காகக் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகையைக் கொடுக்காமல் இழுத்தடிப்பவர்களை இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரங்களை வைத்துப் பிடிக்கும் அமெரிக்க ஏற்பாட்டைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். நான் நியூ ஜெர்சியில் விபத்து வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அண்மையில் ஒரு லாரி ஓட்டுநரின் வழக்கு செட்டில் ஆனது. முதுகில் பலமான அடி, இனி பாரம் தூக்க முடியாது. வந்த பணத்தில் பெரும்பகுதி பழைய பராமரிப்புப் பாக்கிக்குப் போய்விட்டது. “என் முதுகுக்குக் கொடுத்த காசு அது” என்று போனில் கத்தினார். உடம்பு உடைந்ததற்குக் கிடைக்கும் பணத்தில் கைவைப்பது நியாயமா? ஒருவர் க்ளெய்ம் போட்ட விவரம் அரசாங்கத்துக்கு எதற்குப் போக வேண்டும்?

எஸ்.,
எடிசன்

அன்புள்ள எஸ்.,

அந்த ஓட்டுநரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் தப்பான ஆள் மேல் கோபப்படுகிறார் என்று நினைக்கிறேன்.

பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை இன்சூரன்ஸ் க்ளெய்ம்களோடு ஒப்பிடும் இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்று முதலில் பார்ப்போம். மாதச் சம்பளக்காரரிடம் பராமரிப்புத் தொகை வசூலிப்பது அங்கே சுலபம். 1996 சட்டத்துக்குப் பிறகு, புதிதாக ஒருவரை வேலைக்குச் சேர்த்தால் முதலாளி 20 நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பராமரிப்புத் தொகை கட்ட வேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தால் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். சிக்கலெல்லாம் கைக்காசுக்கு வேலை செய்பவர், சொந்தத் தொழில்காரர், வேலை மாறிக்கொண்டே இருப்பவர் ஆகியோரிடம்தான். அவர்களிடம் மொத்தமாகப் பணம் புரளும் தருணங்கள் குறைவு. வருமான வரி ரீஃபண்ட் ஒன்று, அதை 1981 சட்டத்திலிருந்தே பிடிக்கிறார்கள். இன்னொன்று விபத்து இழப்பீடு. 2006 பிப்ரவரியில் கையெழுத்தான பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம், பாக்கிதாரர் பட்டியலை இன்சூரன்ஸ் க்ளெய்ம்களோடு ஒப்பிட, பராமரிப்பு வசூலைக் கவனிக்கும் மத்திய அரசு அலுவலகத்துக்கு அதிகாரம் தந்தது. அதற்கு முன்பே ரோட் ஐலண்ட் மாநிலம் இதற்கென ஒரு வலையமைப்பைத் தொடங்கி மற்ற மாநிலங்களையும் சேர்த்துக்கொண்டிருந்தது.

ஒப்பீட்டுக்கு வேண்டியது பெயர், சமூகப் பாதுகாப்பு எண், பிறந்த தேதி, முகவரி, க்ளெய்ம் எண் போன்றவைதான். எலும்பு எங்கே முறிந்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதற்கெல்லாம் அங்கே வேலை இல்லை. எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: பாக்கிதாரர் யார் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குத் தரவு போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தாய் தானே துப்பறிந்து கண்டுபிடித்து வழக்குப் போட வேண்டும் என்பதைவிட இது எவ்வளவோ மேல். இந்தியாவில் ஜீவனாம்ச உத்தரவு வாங்கிய பெண்ணைக் கேளுங்கள். தொகை வராவிட்டால் மறுபடி மனு, மறுபடி வாய்தா. பாக்கி விழுந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போடாவிட்டால் அந்தப் பாக்கிக்கு வாரண்ட் கேட்கவும் முடியாது.

சரி, முதுகுக்கு வந்த பணம் என்ற வாதத்துக்கு வருவோம். உங்கள் மாநிலச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். செட்டில்மென்ட் 30,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் ஃபீஸ் 10,000, மருத்துவமனைக்கு 6,000 போக மிச்சம் 14,000. பணத்தைக் கையில் கொடுக்கும் முன் வக்கீல் பராமரிப்புத் தீர்ப்புப் பட்டியலில் பெயரைத் தேட வேண்டும். இந்தத் தேடலுக்குப் பெயர் ஒன்றுக்கு 10 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. பாக்கி 18,000 என்று வந்தால், மிச்சத்தில் 2,000 டாலருக்கு மேற்பட்டதெல்லாம், அதாவது 12,000, அங்கே போகிறது. வக்கீலும் மருத்துவமனையும் தங்கள் பங்கை முதலில் எடுத்துக்கொண்டபோது யாரும் ‘முதுகுக் காசு’ என்று கத்தவில்லையே. பிள்ளை வரிசையில் மூன்றாவதாகத்தான் நிற்கிறது! அந்தப் பணத்தில் ஒரு பகுதி, இழந்த கூலிக்கானது. கூலி வந்திருந்தால் அதில் பிள்ளைக்குப் பங்கு இருந்திருக்கும் அல்லவா?

எனக்கு உறுத்துவது வேறு இரண்டு.

பாக்கி எப்படிச் சேர்ந்தது என்பது முதலாவது. அமெரிக்காவின் ‘அர்பன் இன்ஸ்டிட்யூட்’ என்ற ஆய்வு நிறுவனத்தின் 2007 ஆய்வொன்று ஒன்பது பெரிய மாநிலங்களைப் பார்த்தது. மொத்தப் பாக்கியில் 70 சதவீதம், ஆண்டு வருமானம் 10,000 டாலரோ அதற்குக் கீழோ உள்ளவர்கள், அல்லது வருமானமே பதிவாகாதவர்கள் தலையில்தான் இருந்தது. படகு வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பட்டினி போடும் தகப்பன் இருக்கிறான். ஆனால் இந்தக் கணக்கில் அவன் சிறுபான்மை. வேலை போனவரும் சிறை போனவரும் இதில் உண்டு. வேலை போன அன்றே தொகையைக் குறைக்கச் சொல்லி மனுப் போடத் தோன்றுவதில்லை யாருக்கும். தோன்றும்போது காலம் கடந்துவிடுகிறது. ஏனென்றால் 1986-ல் வந்த பிராட்லி திருத்தத்தின்படி, விழுந்த பாக்கியை நீதிபதி பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. மனுவைப் பற்றி எதிர்த்தரப்புக்குத் தெரிவித்த நாளிலிருந்துதான் மாற்ற முடியும். (இதைக் கொண்டுவந்த பில் பிராட்லி அப்போது உங்கள் நியூ ஜெர்சியின் செனட்டர்தான், கூடைப்பந்து ஆட்டக்காரராக இருந்து அரசியலுக்கு வந்தவர்.) சிறைவாசத்தை ‘தானாக விட்ட வேலை’ என்று கருதி, தொகையைக் குறைக்க மறுக்கக் கூடாது என்ற மத்திய விதி வரவே 2016 ஆகிவிட்டது.

அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பது இரண்டாவது. இதில்தான் எனக்குக் கோபமே வரும். பிள்ளையின் தாய் அரசின் ரொக்க உதவி வாங்கினால், பராமரிப்புத் தொகை மீதான தன் உரிமையை மாநிலத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் தகப்பனிடம் வசூலாகும் பணத்தில் பெரும்பகுதியை, தான் கொடுத்த உதவிக்கு ஈடாக மாநிலமும் மத்திய அரசும் பங்குபோட்டுக்கொள்ளலாம். தகப்பன் உடைந்த முதுகோடு கொடுத்த பணம், பிள்ளையின் காலணியாகவோ பள்ளிச் செலவாகவோ மாறாமல் கஜானாவில் சேர்கிறது. கொலராடோ 2017-ல் நடப்பு மாதத் தொகையை முழுதாகக் குடும்பத்துக்கே விடத் தொடங்கியது. மற்ற பல மாநிலங்கள் சில்லறைதான் விடுகின்றன, சில அதுவும் இல்லை. இன்சூரன்ஸ் ஒப்பீட்டை ஆதரித்து எழுதுகிறவர்கள் (என்னையும் சேர்த்து) இதைச் சொல்லாமல் விட்டால் அரைக் கதைதான் சொன்னதாக ஆகும்.

உங்கள் ஓட்டுநருக்கு நடைமுறையில் ஒன்றிரண்டு சொல்லலாம். தன் கணக்கில் தாய்க்குச் சேர வேண்டியது எவ்வளவு, அரசுக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்று பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள். பராமரிப்புக் கணக்கை நடத்தும் மாவட்டப் பிரொபேஷன் அலுவலகத்தில் கேட்கலாம். அரசுப் பங்கை மட்டும் குறைத்துத் தீர்த்துக்கொள்ள மாநிலம் சம்மதிக்கலாம், தன் பங்கை விடுவதும் விடாததும் தாயின் விருப்பம். பிள்ளை இன்னும் சிறியது, மாதத் தொகை ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், இனி பாரம் தூக்க முடியாது என்ற மருத்துவச் சான்றோடு குடும்ப நீதிமன்றத்தில் தொகைக் குறைப்பு மனுவை இந்த வாரமே போடட்டும். ஒவ்வொரு மாதத் தாமதமும் அப்படியே பாக்கியாக நின்றுவிடும்.