ஸ்கேனில் 'மூளைச் சுருக்கம்' என்று வந்தால்?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. தலைசுற்றல் என்று எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ரிப்போர்ட்டில் 'வயது சார்ந்த மூளைச் சுருக்கம்' என்று போட்டிருக்கிறது. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். ஆனால் அப்பா கண்ணாடியைத் தேடினாலே எங்களுக்குப் பகீர் என்கிறது. மறதி நோயின் ஆரம்பமா?

பதில்: 'வயது சார்ந்த' என்பதை இன்னொரு தடவை படியுங்கள். நடுவயதைத் தாண்டினால் எல்லோருடைய மூளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கத்தான் செய்யும். 68 வயதில் படம் எடுத்தால் மடிப்புகளுக்கு நடுவே பள்ளம் அகன்றும், உள்ளே நீர் நிற்கும் அறைகள் பெருத்தும் தெரிவது சகஜம். செல்கள் கொத்துக்கொத்தாகச் செத்துவிட்டன என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் நியூரான்கள் (மூளையின் நரம்பு செல்கள்) மெலிந்து, அவற்றின் கிளைகளும் இணைப்புகளும் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் பயப்படும் மறதி நோயான அல்சைமர் வேறு கதை. அதில் செல்கள் நிஜமாகவே சாகின்றன. புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பக்கம்தான் பெரும்பாலும் முதலில் அடி விழும், அதனால்தான் நாற்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணக் கதையை அட்சரம் பிசகாமல் சொல்பவருக்குக் காலையில் சாப்பிட்டோமா என்பது தெரியாமல் போகிறது. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது யாருக்கும் நடக்கும் (எனக்கு தினமும்). கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று விழித்தால்தான் கவலை.

இன்னொன்று, மூளையில் தெரியும் சேதமும் ஆளின் தெளிவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் 1986-ல் தொடங்கிய ஓர் ஆய்வில் 678 கன்னியாஸ்திரீகள் கலந்துகொண்டார்கள், இறந்தபின் மூளையைத் தருவதாக எழுதியும் கொடுத்தார்கள். பரிசோதித்துப் பார்த்தால், அல்சைமரில் மூளையில் சேரும் புரதப் படிவுகள் நிறைய இருந்த சிலர் கடைசிவரை தெளிவாகவே பேசிப் பழகியிருக்கிறார்கள்.

அதனால் ரிப்போர்ட்டை விடுங்கள், அப்பாவைக் கவனியுங்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாரா, பழகிய பாதையில் வழி தவறுகிறாரா, பணம் எண்ணுவதில் தடுமாறுகிறாரா? அப்படியென்றால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். பி12 குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும்கூட இப்படி வரலாம், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது.

சுருங்கியது திரும்புமா என்று கேட்பீர்கள். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வருஷம் ஒழுங்காக நடைப்பயிற்சி செய்த முதியவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. மாத்திரை எதுவும் கிடையாது, வெறும் நடைதான்.

அது சரி, தலைசுற்றல் என்ன ஆயிற்று? ஸ்கேன் எடுத்ததே அதற்குத்தானே, அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே! காதுக் கோளாறா, பிரஷர் மாத்திரையா என்று டாக்டரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.